பழைய பிஸ்டலுக்கு டபுள் ஆக்‌ஷன் தேவையா?

கேள்வி கேட்டவர் மொன்றியலில் எனக்குத் தெரிந்த ஒரு தம்பி. துப்பாக்கி சுடும் கிளப் ஒன்றில் உறுப்பினர். கைத்துப்பாக்கி விற்பனை முடக்கப்படுவதற்கு முன்பே வாங்கி, பதிந்து, உரிமத்தோடு வைத்திருக்கும் ஒரு பிஸ்டல் அவரிடம் உண்டு: ரொறன்ரோவில் ஜோன் இங்ளிஸ் கொம்பனி செய்த பிரவுனிங் ஹை-பவர். "அண்ணை, இது சிங்கிள் ஆக்‌ஷன். டபுள் ஆக்‌ஷனா மாத்தினா பாதுகாப்பெண்டு சொல்லுறாங்கள். மாத்தட்டோ?"

வேண்டாம் என்பதுதான் என் பதில். காரணத்தைச் சொல்லத்தான் இன்னொரு தேத்தண்ணி வேண்டியிருந்தது.

பிஸ்டலின் பின்புறம் ஒரு சிறு சுத்தியல் இருக்கிறது. அது முன்னே பாய்ந்து ஊசியை அடித்தால் தோட்டா வெடிக்கும். சிங்கிள் ஆக்‌ஷனில் விசைக்கு ஒரே வேலை: ஏற்கெனவே பின்னால் இழுபட்டு நிற்கும் சுத்தியலை விடுவிப்பது. இழுத்து வைப்பது கட்டைவிரலாகவோ மேலே ஓடும் ஸ்லைடாகவோ இருக்கும். தேங்காய்த் துண்டு செருகி வைத்த எலிப்பொறிபோல, லேசாகத் தட்டினாலே போதும். டபுள் ஆக்‌ஷனில் விசையே சுத்தியலைப் பின்னுக்குக் கொண்டுபோய்ப் பிறகு விடுகிறது. அதனால் இழுவை நீளம், பாரமும் கூட. சிங்கிளுக்கு இரண்டு, இரண்டரைக் கிலோ இழுவை போதுமென்றால், டபுளுக்கு ஐந்து கிலோவரை போகலாம்.

இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. வழக்கமான டபுள் ஆக்‌ஷன் பிஸ்டலில் அந்தப் பாரமான இழுவை முதல் தோட்டாவுக்கு மட்டும்தான். அது வெடித்ததும் பின்னே பாயும் ஸ்லைடு சுத்தியலை இழுத்து வைத்துவிடும். இரண்டாவது தோட்டாவிலிருந்து அது சிங்கிள் ஆக்‌ஷன். ஒரே துப்பாக்கியில் இரண்டு விதமான இழுவை. குறிபார்த்துச் சுடுபவருக்கு முதல் குண்டு ஓரிடத்திலும் அடுத்தது வேறிடத்திலும் விழுவதற்கு இது ஒன்றே போதும்.

பிறகு ஏன் டபுள் ஆக்‌ஷனைக் கண்டுபிடித்தார்கள்? இடுப்பு உறைக்காக. சுத்தியல் இழுபட்ட நிலையில், உள்ளே தோட்டாவோடு, ஒரு பிஸ்டலை நாள் முழுவதும் சுமக்கப் படைகளும் பொலிசும் பயந்தன. சுத்தியலை இறக்கி வைத்தாலோ அவசரத்தில் மறுபடி இழுக்க வேண்டும். ஜேர்மனியில் வால்ட்டர் கொம்பனி 1929-இல் பிபி பிஸ்டலிலும் பின்னர் பி38-இலும் இதற்கு வழி கண்டது. அமெரிக்க இராணுவம் 1911-இல் ஏற்ற சிங்கிள் ஆக்‌ஷன் கோல்ட்டைக் கைவிட்டு 1985-இல் பெரெட்டாவுக்கு மாறியது. கனடாவின் மத்திய பொலிசான ஆர்.சி.எம்.பி. 1990களில் இன்னும் ஒரு படி மேலே போய், ஒவ்வொரு தோட்டாவுக்கும் பாரமான இழுவையே உள்ள ஸ்மித் அண்ட் வெஸன் 5946-ஐ எடுத்தது. உறையில் துப்பாக்கியோடு தெருவில் நடப்பவர்களுக்கு இது நியாயமான ஏற்பாடு.

தம்பி தெருவில் நடக்கப் போவதில்லை. கனடாவில் சாதாரணக் குடிமகனுக்கு இடுப்பில் பிஸ்டல் வைக்க அனுமதி கிடைப்பது மிக அபூர்வம். தோட்டா நீக்கி, விசைக்குப் பூட்டுப் போட்டு, பூட்டிய பெட்டிக்குள் வீட்டிலிருந்து ரேஞ்சுக்கு, அங்கிருந்து வீட்டுக்கு. ரேஞ்சில் உத்தரவு வந்ததும் மேகசினைச் செருகி ஸ்லைடை இழுத்து விடுவார். அந்த நொடியிலேயே சுத்தியல் பின்னால் நின்றுவிடும். அதாவது முதல் தோட்டாவும் சிங்கிள் ஆக்‌ஷன்தான்! டபுள் ஆக்‌ஷனைப் பயன்படுத்தியே தீரவேண்டும் என்றால், உயிருள்ள தோட்டாவின் மேல் சுத்தியலை மெதுவாக இறக்க வேண்டும். பாதுகாப்புக்காகச் செய்த மாற்றம் புதிதாக ஒரு ஆபத்தைச் சேர்க்கிறது.

அடுத்தது இயந்திரம். ஹை-பவரில் விசையின் அசைவு ஸ்லைடுக்குள் இருக்கும் ஒரு நெம்புகோல் வழியாகச் சுற்றிக்கொண்டு போய்ச் சுத்தியலைப் பிடித்திருக்கும் கொளுவியைத் தட்டுகிறது. சுத்தியலை விசையே இழுக்க வேண்டுமானால் வேறு விசை, புதுத் தண்டு, வேறு சுத்தியல், பிஸ்டலின் உடற்சட்டகத்தில் வெட்டு எல்லாம் தேவை. அமெரிக்காவில் லட்விக் சீகாம்ப் என்ற கைவினைஞர் 1970களில் அந்தக் கோல்ட் 1911 மாதிரிப் பிஸ்டல்களை இப்படி மாற்றிக் கொடுத்துப் பெயர் வாங்கினார். ஆனால் கோல்ட் கொம்பனியே டபுள் ஈகிள் என்று ஒன்றைக் கொண்டுவந்தபோது வரவேற்பு இல்லை. 1990களோடு அது நின்றுவிட்டது. பெல்ஜியத்தின் எஃப்.என். கொம்பனி 2022-இல் ஹை-பவரைப் புதுப்பித்து வெளியிட்டபோதும் சிங்கிள் ஆக்‌ஷனாகவே வைத்தது. எஸ்.எஃப்.எஸ். என்று ஒரு மாற்றுத் தொகுதி ஹை-பவருக்கு உண்டு. அதில் இழுத்த சுத்தியலைக் கையால் முன்னே தள்ளி வைக்கலாம், பாதுகாப்புப் பொத்தானைத் தட்டினால் மறுபடி பின்னே துள்ளும். இழுவை மாறாது; அது டபுள் ஆக்‌ஷன் அல்ல.

வெட்டப்போவது எதை என்றும் பார்க்க வேண்டும். ஜோன் பிரவுனிங் 1926-இல் இறந்தபின் ஹை-பவரின் வடிவமைப்பை முடித்தவர் எஃப்.என். கொம்பனியின் டியூடொனே சேவ். 1940-இல் ஜேர்மனி பெல்ஜியத்தைப் பிடித்ததும் தப்பிவந்த பொறியியலாளர்களின் உதவியோடு வரைபடங்கள் மீண்டும் உருவாயின. 1944-இல் ரொறன்ரோவின் ஸ்ட்ராக்கன் அவெனியூவில் இருந்த இங்ளிஸ் ஆலையில் முதன்மையாகச் சீனாவுக்காக உற்பத்தி தொடங்கியது. ஏறக்குறைய 1,50,000 பிஸ்டல்கள். சிலவற்றின் ஸ்லைடில் சீன எழுத்துகளைக் காணலாம். கனடிய இராணுவம் அண்மைக்காலம்வரை இதையே வைத்திருந்தது. இந்தியாவின் இசாப்பூர் தொழிற்சாலை செய்யும் 9 மி.மீ. பிஸ்டலும் இதே குடும்பம். நம் வீடுகளில் பிற்காலத்தில் உடுப்புத் தோய்த்த இங்ளிஸ் இயந்திரமும் அதே பெயர்தான்.

கடைசியாகச் சட்டம். 2022 ஒக்டோபர் 21-இலிருந்து தனியாள் ஒருவர் கனடாவில் கைத்துப்பாக்கி வாங்கவோ இன்னொரு தனியாளுக்கு விற்கவோ, சில விலக்குகள் தவிர, முடியாது. 2023 டிசம்பர் 15-இல் சி-21 என்ற மசோதா அதைச் சட்டமாக்கியது. பிஸ்டலின் உடற்சட்டகம் வெட்டுப்பட்டுக் கெட்டால் மாற்றுத் துப்பாக்கி கிடையாது. ரேஞ்சுக்குப் போகும் அனுமதி உரிமத்தோடு வருகிறது. திருத்துபவரிடம் கொண்டுபோக, 2021 ஜூலையிலிருந்து தனி அனுமதி கேட்க வேண்டும். கியூபெக்கில் பேருந்திலோ மெட்ரோவிலோ கொண்டுபோகவும் தடை. மொன்றியலின் டோசன் கல்லூரியில் 2006 செப்டம்பர் 13-இல் கொல்லப்பட்ட அனஸ்தாசியா டி சூசாவின் பெயரால் அழைக்கப்படும் சட்டம் அது. பொலிடெக்னிக் கல்லூரியில் துப்பாக்கிதாரி ஒருவனிடம் 14 பெண்களை இழந்த நகரமும் இதுவே. இந்தக் கெடுபிடியைக் குறைசொல்ல எனக்கு மனம் வருவதில்லை.

தம்பிக்கு உண்மையில் இருந்த தொல்லை வேறு: விசை கரகரக்கிறது, சுத்தியல் பெருவிரல் இடுக்கைக் கடிக்கிறது. மேகசின் இல்லாவிட்டால் சுட முடியாதபடி இதில் வைத்திருக்கும் சிறு பாகம் உராய்வதால் அந்தக் கரகரப்பு வரலாம். கடிப்பது ஹை-பவரின் பழைய குணம். அவருக்குச் சொன்னது இதுதான்: உரிமம் பெற்ற திருத்துபவர் பழைய ஸ்பிரிங்குகளை மாற்றிச் சுத்தம் செய்து தரட்டும். ஒரு மெல்லிய கையுறை போட்டுக்கொள்ளுங்கள். கொண்டுபோவதற்கு முன் கியூபெக்கின் ஆயுதக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் அனுமதியைக் கேட்டு வாங்குங்கள். பிஸ்டலின் உடற்சட்டகத்தில் கை வைக்க எவரையும் விடாதீர்கள்.