ஓடுவதும் ஓட்டுவதும்: மின்மகிழுந்தின் துணைக்கருவிகளும் ஓட்டுநரின் பொறுப்பும்



'ஓடு' என்பது தன்வினை; 'ஓட்டு' என்பது பிறவினை. பள்ளியில் நாம் கற்பிக்கும் எளிய வேறுபாடு இது. 'மகிழுந்து ஓடுகிறது' என்னும் தொடரில் மகிழுந்தே எழுவாய். 'அவர் மகிழுந்தை ஓட்டுகிறார்' என்னும் தொடரிலோ, அவர் எழுவாயாகவும் மகிழுந்து செயப்படுபொருளாகவும் நிற்கின்றன. டகரம் ஒன்று இரட்டித்ததும் செயலுக்கு உரியவர் மாறிவிடுகிறார். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக மாணவர்க்கு இதனைச் சொல்லிவந்திருக்கிறேன். இவ்வேறுபாடு உயிரோடும் தொடர்புடையது என்பதைப் பணி ஓய்வுக்குப் பின் நான் ஓட்டத் தொடங்கிய மின்மகிழுந்துதான் எனக்கு உணர்த்தியது.

அவ்வண்டியைத் தேர்ந்தெடுத்துத் தந்தபோது என் மகள் சொன்னாள்: "அப்பா, நெடுஞ்சாலையில ரெண்டு பொத்தான அழுத்துனா போதும். வண்டி தானாவே ஓடும்." தந்தையின் முதுமையை எண்ணி அன்போடு சொன்ன தொடர் அது. எனினும், அத்தொடரில் ஓட்டுநருக்கு இடமில்லை. இன்றைய வண்டிகளில் பரவலாகக் காணப்படும் இரண்டு துணைக்கருவிகள் எவ்வாறு இயங்குகின்றன, அவை இயங்கும்போது 'ஓட்டு' என்னும் வினைக்கு எழுவாய் யார் என்பவற்றை விளக்குவதே இவ்வுரையின் நோக்கம்.

வேகத்தைக் காக்கும் கருவி

முதற்கருவி வேகத்தைப் பற்றியது. ரால்ஃப் டீட்டர் என்னும் அமெரிக்கப் பொறியாளர் ஐந்து வயதில் பார்வையை இழந்தவர். பிறர் ஓட்டும் வண்டியில் அமர்ந்து செல்கையில் வேகம் கூடுவதையும் குறைவதையும் உடலால் உணர்ந்த அவர், ஒரே வேகத்தைக் காக்கும் கருவியொன்றை உருவாக்கி 1950இல் காப்புரிமை பெற்றார். 1958ஆம் ஆண்டின் கிறைஸ்லர் இம்பீரியல் மகிழுந்துகளில் அது பொருத்தப்பட்டது. பின்னர் நிலைபெற்ற பெயர் 'குரூஸ் கண்ட்ரோல்' என்பதாகும். 'குரூஸ்' என்னும் சொல், குறுக்கே செல்லுதலைக் குறிக்கும் டச்சுக் கடலோடிகளின் சொல்லிலிருந்து வந்தது. குறுக்கும் நெடுக்குமாகக் கப்பல் உலவுவதைக் குறித்த சொல், ஒரே சீராகச் செல்லும் வண்டிக்குப் பெயராயிற்று.

டீட்டரின் கருவி முன்னால் செல்லும் வண்டியை அறியாது. அதனை அறியும் வகையில் வளர்ந்ததே தகவமைவு வேகக் கட்டுப்பாடு. சூழலுக்கேற்ப உயிரினம் தன்னை மாற்றிக்கொள்வதைத் 'தகவமைவு' என அறிவியல் பாடத்தில் மாணவர் படித்திருப்பர். அதே சொல் இங்கும் பொருந்துகிறது. வண்டியின் முகப்பிலுள்ள ரேடாரோ, கண்ணாடியின் பின்னுள்ள கேமராவோ, அல்லது இரண்டுமோ முன்வண்டியின் தொலைவையும் வேகத்தையும் அளக்கின்றன. முன்வண்டி வேகம் தணிந்தால் நம் வண்டியும் தணிகிறது. அது விலகினால், நாம் குறித்துவைத்த வேகத்திற்கு மீள்கிறது.

இடைவெளியை இக்கருவி நேரத்தால் அளக்கிறது. மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு நொடியில் ஏறத்தாழ 30 மீட்டர் கடக்கும். ஆகவே, இரண்டு நொடி இடைவெளி என்பது ஏறத்தாழ 60 மீட்டர். வேகம் 90 ஆனால் அது 50 மீட்டராகக் குறையும். திரையில் தெரியும் இரண்டு, மூன்று பட்டைகள் இந்நேர இடைவெளியையே காட்டுகின்றன. மிகக் குறுகிய இடைவெளியைத் தேர்ந்தெடுப்பவர், ஆபத்தை உணர்ந்து செயற்படத் தமக்குள்ள நேரத்தைத் தாமே குறைத்துக்கொள்கிறார்.

மின்மகிழுந்தில் இக்கருவிக்குத் தனித்த இயல்புகள் உள்ளன. வேகம் தணிய வேண்டியபோது மின்னோடியே மின்னாக்கியாக மாறி, ஓட்டத்தின் ஆற்றலில் ஒரு பகுதியை மின்கலத்திற்குத் திருப்பி அனுப்புகிறது. அதனால் தணிவு மென்மையாக அமைகிறது. ஆனால், மிதியிலிருந்து காலை எடுத்தால் வண்டி உடனே தணியும் என்று மின்மகிழுந்து ஓட்டுநர் பழகியிருப்பார். தகவமைவுக் கட்டுப்பாடு இயங்கும்போது கால் மிதியில் இராது. ஆயினும் வண்டி விரைந்துகொண்டேயிருக்கும். மாறாக, கட்டுப்பாட்டைத் திடீரென நீக்கினால், ஆற்றல் மீட்பு உடனே தொடங்கி வண்டி சட்டெனத் தணிந்து பின்வருபவரை அச்சுறுத்தக்கூடும். நீக்குவதற்கு முன் முடுக்கியின்மீது காலை மெல்ல வைத்துக்கொள்வது நல்ல பழக்கம்.

இன்னொன்று, எஞ்சின் ஒலி இல்லாமை. 90க்கும் 110க்கும் உள்ள வேறுபாடு செவிக்கு எளிதில் எட்டுவதில்லை, மின்கலத்திற்கோ எட்டுகிறது. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடிக்கு ஏற்ப வளர்வதால், 90இல் உள்ளதைவிட 110இல் அது ஏறத்தாழ ஒன்றரை மடங்காகிறது. கருவியில் எந்த எண்ணைக் குறிக்கிறோமோ, அதுவே அடுத்த மின்னேற்றியை எட்டுவோமா என்பதையும் பெரிதும் தீர்மானிக்கிறது.

தடத்தைக் காக்கும் கருவி

இரண்டாவது, தடத்துணை. இப்பெயரின்கீழ் மூன்று வேறு செயல்கள் அடங்கியுள்ளன. வண்டி கோட்டைத் தாண்ட முற்படும்போது ஒலியாலோ அதிர்வாலோ அறிவிப்பது தடவிலகல் எச்சரிக்கை. கோட்டை நெருங்கும்போது மட்டும் சுக்கானைச் சற்றே திருப்பி வண்டியை உள்ளே கொணர்வது தடங்காப்பு. இரு கோடுகளுக்கும் நடுவே வண்டியை இடைவிடாமல் நிறுத்த முயல்வது தடமைய உதவி. தம் வண்டியில் இருப்பது இவற்றுள் எது என்பதை ஒவ்வோர் ஓட்டுநரும் முதலில் அறிய வேண்டும். எச்சரிக்கை மட்டும் தரும் வண்டியில் தடமைய உதவியை எதிர்பார்ப்பது பேரிடருக்கு வழி.

மூன்றுக்கும் பொதுவான கண் கேமராவே. அது சாலையைப் படிப்பதில்லை. பெரும்பாலும் கோட்டைப் படிக்கிறது. கனமழை, எதிர்வெயில், தேய்ந்த வண்ணம், வளைவின் கூர்மை ஆகியவற்றால் அதன் வாசிப்பு பிழைபடும். அவ்வாறே, விரைந்து செல்லும் வண்டியின் முன் அசையாது நிற்கும் வாகனத்தையும், ஓரத்திலிருந்து திடீரென முன்னே நுழையும் மோட்டார்சைக்கிளையும் வேகக் கட்டுப்பாடு பிந்தி உணரக்கூடும்; உணராமலும் போகலாம். ஓட்டுநர் கையேடுகள் இவற்றை வெளிப்படையாகவே எச்சரிக்கின்றன. தடங்களுக்கிடையே மோட்டார்சைக்கிள்கள் ஊடுருவிச் செல்லும் நம் நாட்டுச் சாலைகளில் அந்தப் பக்கங்களை இருமுறை படித்தல் தகும்.

ஓட்டுநர் சுக்கானைப் பற்றியிருக்கிறாரா என்பதையும் வண்டி கவனிக்கிறது. சில வண்டிகள் கையின் தொடுகையை உணர்கின்றன. வேறு சில, சுக்கானில் கை தரும் சிறு திருப்புவிசையை மட்டுமே உணர்கின்றன. கை அசையாதிருந்தால், பற்றியிருக்கும்போதே 'சுக்கானைப் பிடியுங்கள்' என்று எச்சரிக்கும். ஆனால், கை இருக்கும் இடத்தில் மனமும் இருக்கிறதா என்பதைச் சுக்கானால் அறிய முடியாது.

தாப்பா அருகே ஒரு மாலை

இதனை நான் கற்றது வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில். கோலாலம்பூரிலிருந்து ஈப்போவுக்குச் சென்றுகொண்டிருந்தேன். இரண்டாம் படிவத்தில் பயிலும் பேரன் அருகில் அமர்ந்திருந்தான். தஞ்சோங் மாலிம் கடந்ததிலிருந்து இரு கருவிகளும் செவ்வனே இயங்கின. பீடோரைத் தாண்டியபின் மழை பிடித்தது. தாப்பாவை நெருங்கும் வேளையில் சாலைப்பணி நடந்த இடமொன்று வந்தது. புதிய கோடுகள் இடப்பக்கமாக விலகிச் சென்றன. முழுமையாக அழிக்கப்படாத பழைய கோடுகள் ஈரத்தில் மின்னியபடி நேரே சென்றன. வண்டி பழைய கோட்டையே பின்பற்றியது.

"தாத்தா, கோடு அந்தப் பக்கம் போகுது!" என்று பேரன் கூவியபோதுதான் முன்னால் வரிசையாக நின்ற செம்மஞ்சள் கூம்புகளைக் கண்டேன். சுக்கானைத் திருப்பினேன். ஒரு கூம்பு மட்டும் வண்டியில் உரசி வீழ்ந்தது, வேறு தீங்கில்லை. அவ்வேளையில் என் இரு கைகளும் சுக்கானில்தான் இருந்தன. கண்களும் திறந்தே இருந்தன. மனம் மட்டும், நான் எழுதிக்கொண்டிருந்த கட்டுரையின் ஒரு சொல்லாராய்ச்சியில் இருந்தது. கருவி பழுதடையவில்லை, தன்னால் இயன்றதைச் செய்தது. ஓட்டுநர் ஒருவர் வேண்டிய அக்கணத்தில் வண்டியில் ஓட்டுநர் இல்லை.

கவனம் ஏன் தளர்கிறது

இது என் ஒருவனது குறை அன்று. நார்மன் மெக்வொர்த் என்னும் உளவியலாளர் 1948இல் வெளியிட்ட ஆய்வில், கடிகார முள் போன்றதொன்றை உற்றுநோக்கி, அது எப்போதாவது இருமடங்கு தாவுவதைக் கண்டறியுமாறு பணித்தார். அரைமணி நேரத்திற்குள்ளேயே பார்வையாளரின் திறன் குறையலாயிற்று. செய்வதைவிட, செய்யப்படுவதைப் பார்த்திருப்பது மனிதனுக்கு அரிது. லிசான் பெயின்பிரிட்ஜ் என்னும் அறிஞர் 1983இல் எழுதிய கட்டுரையொன்றில் தானியக்கத்தின் முரண்களை விளக்கினார். எளிய பணியைப் பொறி எடுத்துக்கொள்கிறது. அரிய, கடிய பணி மனிதருக்கு எஞ்சுகிறது. அதற்கு வேண்டிய பயிற்சியோ நாள்தோறும் தேய்கிறது.

பெயரின் வலிமை

இங்கேதான் மொழி குறுக்கிடுகிறது. அமெரிக்க வாகனப் பொறியாளர் கழகம் 2014இல் முதன்முதலாக வெளியிட்ட தரவரிசை, பூச்சியம் முதல் ஐந்து வரை ஆறு நிலைகளை வகுக்கிறது. வேகத்தையோ தடத்தையோ ஒன்றை மட்டும் தொடர்ந்து காப்பது முதல்நிலை. இரண்டையும் ஒருங்கே காப்பது இரண்டாம் நிலை. இவ்விரு நிலைகளிலும் ஓட்டுநர் மனிதரே. வண்டி தருவது ஆதரவு மட்டுமே.

விற்பனைப் பெயர்களோ வேறுவிதமாகப் பேசுகின்றன. தகவமைவு வேகக் கட்டுப்பாடு என்னும் ஒரே கருவிக்கு அமெரிக்கச் சந்தையில் இருபது பெயர்கள் வழங்குவதை அந்நாட்டு வாகன ஓட்டிகள் சங்கம் 2019இல் கணக்கிட்டது. அதே ஆண்டு, நெடுஞ்சாலைப் பாதுகாப்புக்கான காப்புறுதிக் கழகம் 2,000க்கும் மேற்பட்ட ஓட்டுநர்களிடம் ஐந்து பெயர்களை மட்டும் கூறி, எதனை இயக்கும்போது சுக்கானை விடலாம் எனக் கேட்டது. 'ஆட்டோபைலட்' என்னும் பெயர் கேட்டோருள் 48 விழுக்காட்டினர் விடலாம் என்றனர். ஏனைய பெயர்களுக்கு அவ்விடை 33 விழுக்காட்டைத் தாண்டவில்லை. கருவியைக் காணாமலேயே, பெயர் மட்டும் கையை எடுக்கச் செய்தது. பகுதியளவே துணைசெய்யும் கருவிக்கு, வண்டி தானே ஓட்டும் எனக் கருதச் செய்யும் பெயரிடுவதைக் கலிஃபோர்னியா 2022இல் சட்டத்தால் தடுத்தது. சொல்லாட்சி சாலைப் பாதுகாப்பாகிவிட்டது.

கருத்தாவா, கருவியா?

நம் இலக்கணம் இவ்வினாவுக்கு ஆயத்தமாகவே உள்ளது. மூன்றாம் வேற்றுமைப் பொருளை விளக்கும் உரைகள் கருத்தாவை இரண்டாகப் பிரிக்கின்றன. 'அரசனால் கட்டப்பட்ட கோயில்' என்பதில் அரசன் ஏவுதற்கருத்தா. 'தச்சனால் கட்டப்பட்ட கோயில்' என்பதில் தச்சன் இயற்றுதற்கருத்தா. பொத்தானை அழுத்திய ஓட்டுநர், தாம் அரசராகிவிட்டதாகவும் வண்டி தச்சனாகிவிட்டதாகவும் எண்ணத் தொடங்குகிறார். ஆனால், தச்சன் ஏவலின் நோக்கத்தை அறிவான். தளம் சரிந்தால் வேலையை நிறுத்தி அரசனிடம் உரைப்பான். பிழைக்கு விடையும் கூறுவான். தாப்பாவில் என் வண்டி கோட்டை அறிந்தது; பயணத்தை அறியவில்லை.

அவ்வுரைகள் கருவியையும் இரண்டாகப் பிரிக்கின்றன. பானைக்கு மண் முதற்கருவி; குயவனின் சக்கரம் துணைக்கருவி. சக்கரம் எவ்வளவு சீராகச் சுழன்றாலும் வனைபவன் குயவனே. பானை கோணினால் எவரும் சக்கரத்தைக் கேட்பதில்லை. தடத்துணையும் வேகக் கட்டுப்பாடும் அச்சக்கரத்தின் இனத்தவை. 'துணை' என்னும் சொல்லை அவற்றின் பெயரில் விடாது வைத்திருக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

இவ்வளவும் கூறியதால், அவற்றைப் பயன்படுத்தலாகாது என்பது என் கருத்தன்று. நீண்ட பயணத்தில் அவை உடற்களைப்பைக் குறைக்கின்றன. அயர்ந்த கணத்தில் எச்சரிக்கின்றன. நான் இன்றும் பயன்படுத்துகிறேன், சில விதிகளோடு. கனமழையிலும் சாலைப்பணி இடங்களிலும் தடத்துணையை அணைத்துவிடுகிறேன். நீண்ட இடைவெளியையே தேர்ந்தெடுக்கிறேன். சுங்கச்சாவடிக்கும் நெடுஞ்சாலை வெளிவழிக்கும் முன்னரே வேகத்தை என் காலுக்கு மாற்றிக்கொள்கிறேன். சிறிது நேரத்திற்கு ஒருமுறை, 'இப்போது இக்கருவி எதைக் காண்கிறது? எதைக் காணவில்லை?' என்று என்னையே கேட்டுக்கொள்கிறேன். பேரன் உடனிருந்தால், அவ்வினாக்களுக்கு அவனே விடை சொல்கிறான்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். தன்வினை, பிறவினையைக் கற்பிக்கும்போது, 'வண்டி தானாக ஓடுகிறது' என்னும் தொடரைக் கரும்பலகையில் எழுதுங்கள். ஓட்டுபவர் யார் என மாணவரைக் கேளுங்கள். இன்னும் சில ஆண்டுகளில் அவர்களும் ஓட்டுநர் உரிமம் பெறுவர். என் மகளும் இப்போது அத்தொடரை மாற்றிக்கொண்டாள்: "அப்பா, வண்டி உங்களுக்குத் துணையா இருக்கும். நீங்கதான் ஓட்டணும்." இலக்கணப்படி அது பிழையற்ற தொடர்.