கவிச்சி சேர்க்காத வீட்டில் பிள்ளை பெற்றவளுக்கு என்ன சாப்பாடு?



பிள்ளைப்பேறு பெண்ணுக்கு மறுபிறவி என்று நம் பாட்டிமார் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அப்படி மறுபிறவி எடுத்து வந்தவளுக்கு நாம் என்ன சோறு போடுகிறோம் என்பதைப் பற்றித்தான் இந்த முறை உங்களோடு பேசப் போகிறோம். சைவச் சாப்பாடு சாப்பிடும் குடும்பங்கள் இதைக் கவனமாகப் படிக்கவேண்டும். மற்ற நாளில் மீனும் கோழியும் சாப்பிட்டாலும், "புண் ஆறும்வரை வீட்டில் கவிச்சி வேண்டாம்" என்று முதல் சில வாரங்களுக்கு நிறுத்திவிடும் குடும்பங்களுக்கும் இது பொருந்தும்.

உங்கள் மகள் கிள்ளானிலோ கோலாலம்பூரிலோ மருத்துவமனையில் பிள்ளை பெற்று வீடு திரும்பியிருக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். அன்றைக்கே பெரியவர்கள் அடுப்படியைத் தங்கள் பொறுப்பில் எடுத்துக்கொள்வார்கள். கீரை ஆகாது, அது குளிர்ச்சி. பருப்பு ஆகாது, அது வாயு. பழம் கொடுத்தால் பிள்ளைக்குச் சளி பிடிக்கும். தண்ணீர் நிறையக் குடித்தால் வயிறு வைத்துவிடும். இப்படி ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டு வந்தால், கடைசியில் தட்டில் மிஞ்சுவது என்ன? குழைந்த சோறும் மிளகு ரசமும் சுட்ட அப்பளமும்தான்.

பத்தாம் நாள் அந்தப் பெண் எழுந்து நின்றால் கண் இருட்டிக்கொண்டு வருகிறது. படி ஏறினால் நெஞ்சு படபடக்கிறது. "பச்சை உடம்பு, அப்படித்தான் இருக்கும்" என்று நாமும் விட்டுவிடுகிறோம்.

அந்தப் பத்தியம் யாருக்கு ஏற்பட்டது?

பத்தியம் என்பது நம் பெரியவர்கள் அன்போடு கண்டுபிடித்த முறை. அதைக் குறை சொல்வது நம் நோக்கமல்ல. நம்மிடம் மட்டும் உள்ள வழக்கமும் அல்ல அது. பக்கத்து வீட்டு மலாய்க்காரப் பெண்மணி 44 நாள் பந்தாங் இருக்கிறார். சீனர் வீட்டில் ஒரு மாதம் இஞ்சியும் நல்லெண்ணெயும் மணக்கின்றன. பிள்ளை பெற்றவள் ஓய்வெடுக்கவேண்டும், சூடாகச் சாப்பிடவேண்டும் என்பதில் மூன்று இனத்தாருக்கும் ஒரே கருத்துத்தான்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். கவிச்சி உண்ணும் வீட்டில் கீரையையும் பருப்பையும் நிறுத்தினாலும், அந்த இடத்தில் நாட்டுக்கோழி ரசம் வருகிறது, சுறாப்புட்டு வருகிறது, கருவாடு வருகிறது. பிரிக்பீல்ட்ஸ் பக்கம் இரயில்வே வேலைக்கு வந்து குடியேறிய யாழ்ப்பாணத்துக் குடும்பங்களிலும், மல்லி, மிளகு, சீரகம், மஞ்சள், பூண்டு அரைத்த சரக்குக் கறியில் மீனைப் போட்டுக் கொடுப்பது வழக்கம். இரத்தம் ஊறவும் சதை பிடிக்கவும் வேண்டிய சத்து அவற்றிலிருந்து கிடைத்துவிடும்.

சைவ வீட்டில் கோழியும் இல்லை, மீனும் இல்லை. அங்கே இரும்புச் சத்துக்குக் கீரையும், புரதத்துக்குப் பருப்பும் பயறும் பாலும்தான் உண்டு. அவற்றையும் "ஆகாது" என்று தள்ளிவிட்டால் வேறு எதிலிருந்து அவள் தேறுவாள்? கோழி சாப்பிடுகிற வீட்டுக்கு ஏற்பட்ட தடைகளை, கோழி இல்லாத வீட்டில் அப்படியே பின்பற்றுவதுதான் தவறு.

பிள்ளை பெறும்போது அரை லிட்டர் வரை இரத்தம் போவதுண்டு. அதற்கு முன்பே வயிற்றிலிருந்த பிள்ளை தாயின் இரும்புச் சத்தை எடுத்துக்கொண்டிருக்கிறது. இனிமேல் தாய்ப்பால் சுரக்க நாள் ஒன்றுக்கு ஏறக்குறைய 500 கலோரி கூடுதலாகத் தேவை. ஆகவே பிள்ளை பெற்றவள் மற்ற நாளைவிட அதிகமாகச் சாப்பிடவேண்டுமே தவிர, குறைவாக அல்ல.

கீரைக்குள் இருந்த மருந்து

ஏழைத் தொழிலாளர் வீட்டுப் பெண்கள் பிள்ளைப்பேற்றுக் காலத்தில் இரத்தம் சுண்டிப் போவது நம் நாட்டில் மட்டும் கண்ட காட்சியல்ல. 1928-ல் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண் மருத்துவர் இதை ஆராய்வதற்காகப் பம்பாய்க்கு வந்தார். அங்கே பஞ்சாலைத் தொழிலாளர் குடும்பங்களில் கர்ப்பிணிகள் கடுமையான இரத்தச் சோகையால் அவதிப்பட்டார்கள். அவர்களுடைய சாப்பாட்டில் பழமும் காய்கறியும் மிகக் குறைவு என்பதை அவர் கண்டார். மார்மைட் என்ற ஈஸ்ட் சாற்றைக் கொடுத்துப் பார்த்தார். ஆம், நம் ஊர்க் கடைகளில் கறுப்பாகச் சீசாவில் விற்கும் அதே மார்மைட்தான். அவர்களுக்கு இரத்தம் ஊறியது. இதை 1931-ல் அவர் எழுதி வெளியிட்டார்.

அதில் இருந்த மருந்து எது என்பது பிறகுதான் தெரிந்தது. 1941-ல் அந்தச் சத்தைக் கீரையிலிருந்து பிரித்தெடுத்தார்கள். இலத்தீன் மொழியில் இலையைக் குறிக்கும் சொல்லைக்கொண்டு அதற்கு ஃபோலிக் அமிலம் என்று பெயரிட்டார்கள். கர்ப்ப காலத்தில் கிளினிக்கில் கொடுக்கும் சின்ன மஞ்சள் மாத்திரை அதுதான். நாம் குளிர்ச்சி என்று ஒதுக்கி வைக்கும் கீரையின் பெயரைத்தான் அந்த மருந்து தாங்கியிருக்கிறது.

பாட்டியின் கைப்பக்குவத்தை விடவேண்டாம்

அப்படியானால் பூண்டும் மிளகும் சுக்கும் வேண்டாமா? தாராளமாக வேண்டும். சாப்பாட்டுக்கு ருசி கொடுத்து, பசியைத் தூண்டுபவை அவை. அந்தக் கைப்பக்குவத்தோடு கீரையையும் பருப்பையும் திரும்ப அடுப்பில் ஏற்றுங்கள் என்றுதான் சொல்கிறோம்.

பருப்பு வாயு என்று பயந்தால், நன்றாக ஊறவைத்து, ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டு, பெருங்காயமும் சீரகமும் பூண்டும் போட்டுக் குழைய வேகவையுங்கள். வாயு என்பது குடலில் உண்டாவது. அது தாய்ப்பாலில் இறங்கிப் பிள்ளைக்குப் போவதில்லை. கீரை குளிர்ச்சி என்று தோன்றினால், நல்லெண்ணெயில் பூண்டும் மிளகும் தாளித்து வதக்கிச் சூடாகப் போடுங்கள். பழத்தைக் குளிர்பெட்டியிலிருந்து எடுத்தவுடன் கொடுக்காமல் நண்பகலில் கொடுங்கள். சளி என்பது சளி பிடித்த ஆட்களிடமிருந்து ஒட்டுவது. அம்மா தின்ற கொய்யாப்பழத்திலிருந்து பிள்ளைக்கு வராது. பச்சைத் தண்ணீருக்குப் பெரியவர்கள் சம்மதிக்காவிட்டால், சீரகம் போட்டுக் கொதிக்கவைத்து ஆறவைத்த தண்ணீரைத் தாகம் தீரக் கொடுங்கள். பிள்ளைக்குப் பால் கொடுக்க உட்காரும்போதெல்லாம் பக்கத்தில் ஒரு கிளாஸ் இருக்கட்டும். மலச்சிக்கலும் வராது.

முருங்கைக்கீரையைக் காசு கொடுத்துத்தான் வாங்கவேண்டும் என்பதில்லை. லயத்து வாசலில் நின்ற மரம் இன்றைக்கு அடுக்குமாடி வீட்டில் இல்லாமல் போனாலும், கீழே யாராவது ஒருவர் வளர்த்துக்கொண்டுதான் இருப்பார். பாயம், கங்கோங், சாயுர் மானிஸ் எதுவானாலும் வேகவைத்துச் சாப்பிட்டால் நல்லதே. சந்தையில் மலிவாகக் கிடைக்கும் தௌஹுவையும் தெம்பேயையும் நம் தாய்மார்கள் பத்தியத்தில் சேர்ப்பதே இல்லை. 100 கிராம் தெம்பேயில் ஏறக்குறைய 19 கிராம் புரதம் இருக்கிறது. மிளகும் பூண்டும் போட்டு வறுத்தால் நம் வீட்டுப் பண்டமாகவே ஆகிவிடும்.

டின் பாலை நம்பாதீர்கள்

இனி மிக முக்கியமான செய்திக்கு வருகிறோம். பி12 என்று ஒரு வைட்டமின் உண்டு. இரத்தத்துக்கும் நரம்புக்கும் அது அவசியம். கீரை, பருப்பு, காய், தானியம் எதிலும் அதை எதிர்பார்க்க முடியாது. இறைச்சி, மீன், முட்டை, பால் ஆகியவற்றில்தான் இருக்கிறது. முட்டையும் தொடாத சைவக் குடும்பத்துக்குப் பாலும் தயிருமே வழி.

தாய்க்கு இந்தச் சத்துக் குறைந்தால் தாய்ப்பாலிலும் குறையும். சில மாதங்களில் பிள்ளை சோர்ந்து போகும். தலை நிற்கத் தாமதமாகும். நரம்பும் மூளையும்கூடப் பாதிக்கப்படலாம். தாய் வெளிக்கு நன்றாக இருப்பதுபோலவே தோன்றலாம். ஆகையால்தான் இதில் அசட்டையாக இருக்கக்கூடாது.

"எங்கள் வீட்டில் நாளைக்கு நான்கு தேத்தண்ணீர், எல்லாம் பால் கலந்துதான்" என்று நீங்கள் சொல்லலாம். அந்த டின்னைக் கொஞ்சம் திருப்பிப் பாருங்கள். மலாயில் கிரிமர் என்று எழுதியிருந்தால், அதில் பால் கொழுப்புக்குப் பதிலாகச் செம்பனை எண்ணெய் சேர்ந்திருக்கும். நீங்களும் உங்கள் வீட்டுக்காரரும் குலை வெட்டி அனுப்பிய அதே செம்பனைதான். அது தேத்தண்ணீருக்கு நிறம் கொடுக்கும். தாய்க்குப் பால் குடித்த பலனைக் கொடுக்காது. உண்மையான பாலில் செய்த டின்னாக இருந்தாலும், இரண்டு கரண்டியில் சர்க்கரைதான் அதிகம். 1939-ல் சிசிலி வில்லியம்ஸ் என்ற குழந்தை மருத்துவர் சிங்கப்பூரில் பேசியபோது, கைக்குழந்தைகளுக்கு இனிப்பு டின் பால் புகட்டும் வழக்கத்தைக் கண்டித்து, தம் பேச்சுக்குப் "பாலும் கொலையும்" என்றே பெயர் வைத்தார்.

பால் கொடுக்கும் தாய்க்கு நாள் ஒன்றுக்கு 2.8 மைக்ரோகிராம் பி12 வேண்டும். ஒரு கிளாஸ் உண்மைப் பாலில் ஏறக்குறைய 1 மைக்ரோகிராம் இருக்கிறது. எனவே நாள்தோறும் இரண்டு கிளாஸ் பாலும் ஒரு கிண்ணம் தயிரும் கட்டாயம் கொடுங்கள். பால் ஒத்துக்கொள்ளாதவர்களும், பாலே சேர்க்காதவர்களும் கிளினிக்கில் சொல்லி பி12 மாத்திரை கேட்டு வாங்கவேண்டும்.

ஒரு நாள் சாப்பாடு

காலைப் பசியாறலுக்கு உளுந்தங்களி. கறுப்பு உளுந்தைக் கொஞ்சம் பச்சரிசியோடு வறுத்து அரைத்துவைத்துக்கொள்ளுங்கள். ஒரு கிண்ணம் மாவுக்கு ஒரு கிண்ணம் கருப்பட்டி, இரண்டரைக் கிண்ணம் தண்ணீர், கால் கிண்ணம் நல்லெண்ணெய். கருப்பட்டியைக் கரைத்து வடிகட்டிக் கொதிக்கவிட்டு, மாவைத் தூவிக் கட்டியில்லாமல் கிளறி, எண்ணெய் விட்டு இறக்குங்கள். இரண்டு மூன்று பேருக்கு வரும். அதோடு மஞ்சளும் மிளகும் போட்ட பால் ஒரு கிளாஸ். கர்ப்ப காலத்தில் இனிப்பு நீர் கண்டிருந்தவர்கள் களிக்குப் பதில் இட்லியும் எள்ளுத் துவையலும் சாப்பிடலாம்.

பத்து மணிக்கு ஒரு துண்டு பழுத்த பப்பாளி அல்லது பாதிக் கொய்யா.

மதியம் சோறு, முருங்கைக்கீரையும் பருப்பும் சேர்ந்த கூட்டு, பூண்டுக் குழம்பு, ஒரு கிண்ணம் தயிர். கூட்டை இறக்கியபின் அரை எலுமிச்சம்பழம் பிழிந்துவிடுங்கள். கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்பு உடம்பில் சேர அந்தப் புளிப்பு உதவும். கொய்யாவும் அதே வேலையைச் செய்யும்.

மாலையில் கொண்டைக்கடலை அல்லது பச்சைப்பயறுச் சுண்டல்.

இரவு தோசை அல்லது சோற்றோடு, மிளகு போட்டு வறுத்த தெம்பேயும் ஏதாவது ஒரு காயும். படுக்கும் முன் பூண்டு வேகவைத்த பால்.

தேத்தண்ணீரும் காப்பியும் சாப்பாட்டோடு சேர்த்து வேண்டாம். அவை இரும்பை உடம்பில் சேரவிடாமல் தடுக்கும். சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் குடிக்கலாம்.

மாத்திரையும் தாதியும்

சாப்பாடு மட்டும் போதும் என்றும் நினைத்துவிடாதீர்கள். இரும்பு மாத்திரை கொடுத்திருந்தால், "பிள்ளைதான் பிறந்துவிட்டதே" என்று அலமாரியில் போட்டுவிடாமல் சொன்ன காலம்வரை சாப்பிடவேண்டும். அதைப் பாலோடும் தேத்தண்ணீரோடும் விழுங்காமல் தண்ணீரோடு விழுங்குங்கள். அரசாங்கக் கிளினிக்கின் தாதி வீட்டுக்கு வரும்போது, "நாங்கள் சைவம், இன்னின்னது சாப்பிடுகிறாள்" என்று வாய்திறந்து சொல்லுங்கள். இரத்தத்தைச் சோதித்துப் பார்க்கவேண்டுமா என்று கேளுங்கள். பிரசவ லேகியம் கடையில் வாங்குவதானால், மால் என்ற எழுத்துகளில் தொடங்கும் சுகாதார அமைச்சின் பதிவு எண் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

ஒரு மணி நேரத்தில் துணி நனையும்படி இரத்தம் போனாலும், காய்ச்சலோ கெட்ட வாடையோ இருந்தாலும், கடுமையான தலைவலியோடு கண் மங்கினாலும், ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலும் கஷாயம் காய்ச்சிக்கொண்டிருக்க வேண்டாம். உடனே மருத்துவமனைக்குப் போங்கள். இரண்டு வாரத்துக்கு மேலும் அவள் காரணமில்லாமல் அழுதுகொண்டிருந்தால், அதையும் நோயாகக் கருதி மருத்துவரிடம் சொல்லவேண்டும்.

வேலைக்குப் போகும் பெண்களுக்கு இன்னொரு செய்தி. முன்பு சட்டப்படி 60 நாளாக இருந்த பிரசவ விடுமுறை, 2023-ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதியிலிருந்து 98 நாளாக உயர்ந்திருக்கிறது. தோட்டத்தில் வேலை செய்பவர்களுக்கும் இது உண்டு. நிபந்தனைகளை அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். உடம்பைத் தேற்றுவதற்குக் கிடைத்த அந்த நாட்களை வீட்டுவேலையில் கரைத்துவிடாதீர்கள்.

கடைசியாக, வீட்டிலுள்ள பெரியவர்களுக்கு ஒரு வார்த்தை. பத்தியம் போடும் உரிமை உங்களுடையதுதான். இன்று மதியம் பூண்டும் மிளகும் அரைக்கும்போது, பக்கத்து அடுப்பில் ஒரு பிடி பருப்பையும் இரண்டு பிடி முருங்கைக்கீரையையும் ஏற்றுங்கள். மகளின் தட்டில் அதை நீங்களே பரிமாறி, அவள் சாப்பிட்டு முடிக்கும்வரை பிள்ளையை மடியில் வைத்துக்கொள்ளுங்கள்.