ரத்தத்தின் கதை – 17: நுனி தேயும் குரோமோசோம்கள்

பெர்லின், 1888. கடுமையான ரத்தசோகையாலும் ரத்தக்கசிவாலும் இளம் கர்ப்பிணி ஒருவர் இறந்துபோனார். ஏன் இறந்தார் என்று அறிய முற்பட்ட மருத்துவர் பால் எர்லிக், அவருடைய எலும்பு மஜ்ஜையை ஆராய்ந்தார். செக்கச்செவேலென்று இருக்க வேண்டிய மஜ்ஜை மஞ்சளாக, வெறும் கொழுப்பாகக் கிடந்தது. ரத்தம் உண்டாகும் இடமே ஓய்ந்துபோயிருந்தது. இன்று அப்பிளாஸ்டிக் அனீமியா என்று அழைக்கப்படும் நோயைப் பற்றிய முதல் பதிவு இதுதான்.

மஜ்ஜை ஏன் ஓய்ந்துபோகிறது? இந்தக் கேள்விக்கான விடைகளில் ஒன்று கிடைக்க நூறாண்டுகளுக்கு மேல் ஆனது.

வளர்ந்த மனிதரின் மஜ்ஜை நொடிக்கு 20 லட்சத்துக்கும் மேற்பட்ட சிவப்பணுக்களை உண்டாக்குகிறது. வெள்ளணுக்களும் தட்டணுக்களும் தனி. இத்தனைக்கும் மூலம், மஜ்ஜையில் இருக்கும் சிறிதளவு ஸ்டெம் செல்கள். அவை பிரிந்துகொண்டே இருந்தால்தான் ரத்தம் ஊறும். ஒவ்வொரு முறை செல் பிரியும்போதும் டி.என்.ஏ. நகலெடுக்கப்பட வேண்டும். நகலெடுக்கும் நொதியால் குரோமோசோமின் கடைசி நுனிவரை போக முடியாது. ஒவ்வொரு பிரிவிலும் நுனி கொஞ்சம் குறைகிறது. அந்த இழப்பைத் தாங்கவே அங்கே டெலோமியர் இருக்கிறது. டி.டி.ஏ.ஜி.ஜி.ஜி. என்ற ஆறெழுத்துத் தொடர் ஆயிரக்கணக்கான முறை அடுக்கப்பட்ட பகுதி அது. புடவைக்கு ஓரம் அடித்தால் நூல் பிரியாது. டெலோமியர் குரோமோசோமுக்குச் செய்வதும் அதுவே.

இந்த அமைப்பை முதலில் காட்டிக்கொடுத்தது, குளத்து நீரில் வாழும் டெட்ராஹைமினா என்ற ஒற்றைச் செல் உயிரி. அதன் குரோமோசோம் நுனிகளில் ஒரே எழுத்துத் தொடர் திரும்பத் திரும்ப வருவதை எலிசபெத் பிளாக்பர்னும் ஜோசப் காலும் 1978-ல் வெளியிட்டார்கள். பின்னர் பெர்க்லியில் பிளாக்பர்னிடம் ஆய்வு மாணவியாகச் சேர்ந்த கரோல் கிரைடர், 1984-ம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளன்று ஆய்வகத்துக்குப் போய் எக்ஸ்-ரே படச்சுருளைப் பார்த்தார். தேய்ந்த நுனியை மீண்டும் நீட்டும் நொதி ஒன்று இருப்பதற்கான அடையாளம் அதில் பதிந்திருந்தது. டெலோமரேஸ் என்று பெயர் பெற்ற அந்த நொதி, ஜாக் சோஸ்டாக் என்ற ஆய்வாளரோடு சேர்த்து பிளாக்பர்னுக்கும் கிரைடருக்கும் 2009-ம் ஆண்டு நோபல் பரிசைக் கொண்டுவந்தது.

நம் உடலின் பெரும்பாலான செல்களில் டெலோமரேஸ் அடங்கிக் கிடக்கிறது. ஓயாமல் பிரிய வேண்டிய மஜ்ஜை ஸ்டெம் செல்கள் போன்ற சிலவற்றில் அளவோடு வேலை செய்கிறது. அந்த அளவும் குறைந்துபோனால்?

அப்படி ஒரு நோய் ஏற்கெனவே மருத்துவர்களுக்குத் தெரிந்திருந்தது. தோலில் வலைபோன்ற கருமை, சிதைந்த நகங்கள், வாய்க்குள் வெண்படலம் என மூன்று அடையாளங்களோடு வரும் டிஸ்கெரடோசிஸ் கான்ஜெனிட்டா. இந்நோயாளிகள் பலருக்கு மஜ்ஜை செயலிழந்துவிடும். 1998-ல், எக்ஸ் குரோமோசோமில் உள்ள டி.கே.சி.1 மரபணுவின் பிறழ்வே ஒருவகைக்குக் காரணம் என்று கண்டுபிடித்தார்கள். அந்த மரபணு உருவாக்கும் புரதம் டெலோமரேஸோடு இணைந்திருப்பது அடுத்த ஆண்டே தெரிந்தது. 2001-ல் டெலோமரேஸின் ஆர்.என்.ஏ. பகுதியான டெர்க் மரபணுவிலும் பிறழ்வு கிடைத்தது.

அதைவிடப் பெரிய திருப்பம் 2005-ல் வந்தது. அமெரிக்க தேசிய சுகாதாரக் கழகத்தில் நீல் யங் குழுவினர், அப்பிளாஸ்டிக் அனீமியா நோயாளிகள் சிலரிடம், டெலோமரேஸின் புரதப் பகுதியைத் தரும் டெர்ட் மரபணுவில் பிறழ்வைக் கண்டார்கள். தோலிலும் நகத்திலும் எந்த அடையாளமும் இல்லாத பெரியவர்கள் அவர்கள். மரபணுவின் இரு பிரதிகளில் ஒன்று பழுதானாலே டெலோமரேஸ் போதாமல் போய்விடுகிறது.

குட்டையான டெலோமியரும் பெற்றோரிடமிருந்து பிள்ளைக்குப் போகிறது. அதனால் தலைமுறைக்குத் தலைமுறை நோய் முன்கூட்டியே வருகிறது, கடுமையாகவும் வருகிறது. தாத்தாவுக்கு முதுமையில் நுரையீரல் தழும்பு, அம்மாவுக்கு இருபதுகளிலேயே நரை, கொஞ்சம் குறைந்த தட்டணுக்கள், பிள்ளைக்குப் பள்ளிப் பருவத்திலேயே மஜ்ஜை செயலிழப்பு என்று ஒரே பிறழ்வு மூன்று வேடம் போடலாம். ஆபத்து அதோடு நிற்பதில்லை. காப்பிழந்த நுனிகள் ஒன்றோடொன்று ஒட்டி உடையும்போது புதிய பிறழ்வுகள் சேர்கின்றன. ரத்தப் புற்றுநோய்க்கான வாய்ப்பு கூடுகிறது.

காரணத்தைச் சரியாகக் கண்டறிவது சிகிச்சையையே மாற்றிவிடும். அப்பிளாஸ்டிக் அனீமியா நோயாளிகள் பெரும்பாலோரிடம், உடலின் சொந்த நோய் எதிர்ப்புச் செல்களே மஜ்ஜையைத் தாக்குகின்றன. அவர்களுக்கு ஏ.டி.ஜி., சைக்ளோஸ்போரின் போன்ற எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்துகள் கைகொடுக்கும். டெலோமியர் நோயாளிகளுக்கு அவை பெரும்பாலும் பயன் தருவதில்லை. மஜ்ஜை மாற்று சிகிச்சை தேவைப்பட்டால், நுரையீரலும் கல்லீரலும் பலவீனமாக இருக்கக்கூடும் என்பதால் வீரியம் குறைத்த முன்சிகிச்சை தர வேண்டியிருக்கிறது. மஜ்ஜை தர முன்வரும் அண்ணனோ தங்கையோ நலமாகத் தெரிந்தாலும் அதே பிறழ்வைச் சுமந்திருக்கலாம். அதைச் சோதிக்காமல் எடுத்தால் நோயுற்ற மஜ்ஜைக்குப் பதில் இன்னொரு பழுதான மஜ்ஜையே போய்ச் சேரும். ஃப்ளோ-ஃபிஷ் என்ற ரத்தப் பரிசோதனை டெலோமியர் நீளத்தை அளந்து, அந்த வயதுக்கு உரியதுதானா என்று சொல்லிவிடும்.

மருந்திலும் நம்பிக்கை தெரிகிறது. யங் குழுவினர் 27 நோயாளிகளுக்கு டானசோல் என்ற பழைய ஹார்மோன் மருந்தைக் கொடுத்து 2016-ல் முடிவை வெளியிட்டார்கள். தேய்மானம் குறைந்தாலே போதும் என்று தொடங்கிய ஆய்வு அது. ஆனால் இரண்டு ஆண்டுகளின் முடிவில் சோதிக்கப்பட்ட 12 பேரில் 11 பேருக்கு டெலோமியர் நீண்டிருந்தது. பலருக்கு ரத்த அணுக்களும் கூடின. கல்லீரல் பாதிப்பு போன்ற பக்கவிளைவுகள் உண்டு என்பதால் மருத்துவர் கண்காணிப்பு இல்லாமல் தொடக் கூடாத மருந்து இது.

குடும்பத்தில் யாருக்காவது மஜ்ஜை செயலிழப்பு என்று மருத்துவர் சொன்னால், நோயாளியின் கதையோடு நிறுத்திவிடாதீர்கள். சிறு வயதில் நரைத்த சித்தப்பா, காரணம் தெரியாமல் நுரையீரல் சுருங்கி இறந்த பாட்டி, குடிப்பழக்கமே இல்லாமல் கல்லீரல் கெட்ட அத்தை என எல்லோரையும் பற்றிச் சொல்லுங்கள். சிகிச்சை தொடங்கும் முன்பே சொல்லுங்கள்.

(தொடரும்)