லாட்டி டாட் பிடித்த மர மட்டை

1877 ஜூலையில், போடிநாயக்கனூருக்கு மேற்கே, குரங்கணி உச்சிக்கு அந்தப் பக்கம் இருக்கும் கண்ணன் தேவன் மலையை ஜான் டேனியல் மன்றோ பூஞ்சார் ராஜாவிடம் குத்தகைக்கு எழுதி வாங்கினார். அதே மாதம் லண்டனில் முதல் விம்பிள்டன் டென்னிஸ் போட்டி நடந்தது. ஆண்களுக்கு மட்டும். பெண்களைச் சேர்த்துக்கொள்ள 1884 ஆனது. பிறகு தோட்டத்துரைமாரோடு டென்னிஸும் நம் மலையேறியது.

அந்தக் கால மட்டை ஆஷ் மரத்தின் ஒரே நீளச் சட்டம். அதை நீராவியில் வேகவைப்பார்கள். நார்களைப் பிடித்து வைத்திருக்கும் லிக்னின் சூட்டில் இளகும். சூடு ஆறுமுன் அச்சில் வளைத்துக் கட்டினால், ஆறியதும் வளைந்தபடியே இறுகிவிடும். இரு முனைகளும் சேர்ந்து கைப்பிடி. கழுத்தில் ஒரு ஆப்பு. எடை ஏறக்குறைய 400 கிராம். இன்றைய கார்பன் மட்டை 300 கிராம்தான்.

உயிர் இருப்பது நரம்பில். ஆட்டுக்குடலை முறுக்கிச் செய்த அந்த நரம்பு, பந்து பட்டதும் நீண்டு, உடனே சுருங்கி, வாங்கிய விசையில் பெரும்பகுதியைத் திருப்பித் தரும். ஈரம்தான் அதற்கு எமன். மேகம் இறங்கினால் போடிமெட்டுப் பக்கம் ஏலக்காயே ஸ்டோர் எனும் உலர்த்தும் அறையில் சூடு கொடுத்தால்தான் காயும். அந்த ஈரத்தில் நரம்பு தளரும், மரம் கோணும். அதனால் ஆடி முடித்த மட்டையைத் திருகு வைத்த மரச் சட்டத்துக்குள் இறுக்கி வைத்தார்கள்.

இப்படியொரு கனத்த மட்டையோடுதான் இங்கிலாந்தின் செஷயர் பெண் லாட்டி டாட் 1887-இல் விம்பிள்டனில் இறங்கினார். இறுதியில் பிளான்ச் பிங்லியை 6-2, 6-0 என்று வென்றார். வயது 15 ஆண்டு 285 நாள். மற்ற பெண்கள் தரை தொடும் பாவாடையும் கார்செட்டுமாக ஆட, சிறுமி என்பதால் இவருக்குக் கெண்டைக்கால் வரைதான் பாவாடை. அது உதவியிருக்கும். ஆனால் வெற்றிக்கு அதையே காரணமாகச் சொல்வது அநியாயம். பந்து தரையில் விழக் காத்திராமல் வலையருகே ஓடி அடித்த துணிச்சல்தான் அவரது ஆட்டம். சர்வீஸ் மட்டும் கீழ்க்கையில்.

1888, 1891, 1892, 1893 என்று மேலும் நான்கு பட்டங்கள். விம்பிள்டன் ஒற்றையரில் ஒரு ஆட்டம்கூடத் தோற்கவில்லை. 21 வயதில் போதும் என்று விலகி ஹாக்கிக்கும் கோல்ஃபுக்கும் போனார். 1904-இல் பிரிட்டிஷ் கோல்ஃப் பட்டம். 1908 ஒலிம்பிக்கில் வில்வித்தை வெள்ளி.

உங்கள் வீட்டுப் பரணிலோ எஸ்டேட் பங்களாவிலோ பழைய மர மட்டை கிடந்தால் விறகில் போட்டுவிடாதீர்கள். ஈரம் படாத இடத்தில் இறுக்கிக் கட்டி வையுங்கள்.