அரைத் தன்னியக்கம்

‘ஓட்டோமற்றிக்’ என்னும் ஆங்கிலச் சொல், தானே இயங்குவது எனப் பொருள்படும் கிரேக்க மூலத்தினின்றும் பிறந்தது. அதனைத் தன்னியக்கம் என வழங்குகின்றோம். ‘செமி’ என்பது அரை எனப் பொருள்படும் இலத்தீன் முன்னொட்டு. ஆகவே, ‘செமி ஓட்டோமற்றிக்’ என்பதனை அரைத் தன்னியக்கம் எனல் பொருந்தும். ஈண்டு அரை என்பது சரிபாதியைக் குறிப்பதன்று. அரைத்தூக்கம், அரைவேக்காடு என்பவற்றிற் போல, முற்றுப்பெறாமையையே குறிக்கும். பகுதித் தன்னியக்கம் என்பாரும் உளர், அதுவும் தக்கதே.

ஆயின், எப்பகுதி பொறிக்குரியது, எப்பகுதி மனிதனுக்குரியது என்பதை இச்சொல் உணர்த்துவதில்லை. அது பொறிக்குப் பொறி வேறுபடும். இரு தொட்டிச் சலவைப் பொறியில் துவைத்தலும் பிழிதலும் பொறியின் தொழில். துணியை ஒரு தொட்டியினின்று மற்றதற்கு மாற்றுதல் நம் தொழில். அரைத் தன்னியக்கத் துப்பாக்கி வெற்றுத் தோட்டாவை வெளியேற்றி, அடுத்ததைத் தானே ஏற்றும். எனினும் ஒவ்வொரு வேட்டுக்கும் விசையை ஒருமுறை இழுத்தல் வேண்டும். அரைத் தன்னியக்கத் தொலைபேசி நிலையத்திலோ, அழைப்பவர் கூறும் எண்ணை இயக்குநர் பொறிக்கு அறிவிப்பார்; இணைப்பது பொறி.

சலவைப் பொறியில் நம் பங்கை மறந்தால் துணி உலராது, அவ்வளவே. மோட்டார் வண்டியில் மறந்தால் உயிரே போகும். எஸ்.ஏ.ஈ. என்னும் பொறியியலாளர் கழகம் 2014ஆம் ஆண்டில் வாகனத் தன்னியக்கத்தைச் சுழி முதல் ஐந்து வரை ஆறு படிகளாக வகுத்தது. இரண்டாம் படியே பகுதித் தன்னியக்கம். அப்படியில் வண்டியைத் திருப்புதலும் வேகத்தை ஆளுதலும் பொறியின்பாற்படும். வீதியை இடையறாது கண்காணித்தல் ஓட்டுநர் கடன்.

2016 மே 7ஆம் நாள் புளோரிடாவில், ‘ஓட்டோபைலட்’ எனப் பெயரிய இத்தகைய துணையுடன் ஓடிய டெஸ்லா வண்டியொன்று, குறுக்கே திரும்பிய பாரவூர்தியுடன் மோதிற்று. ஓட்டுநர் உயிரிழந்தார். பாரவூர்தி வழிவிடாமையும், இவர் தன்னியக்கத்தை மிகையாக நம்பிக் கவனம் இழந்தமையும் காரணங்களென, அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்புச் சபை 2017இல் முடிபு கூறிற்று. அத்தகைய மிகை நம்பிக்கைக்கு இடங்கொடுத்த அமைப்பையும் அது சுட்டத் தவறவில்லை.

சொல்லின் பொருளைத் துணிந்த பின்னரே அதனை ஆளுதல் வேண்டும் என எம் ஆசிரியர்கள் எமக்கு வகுப்பறையிற் கற்பித்தனர். அவ்வறிவுரை ஏட்டளவில் நிற்பதன்று. ஒரு பொறி அரைத் தன்னியக்கமுடையது என எவரேனும் கூறின், “எஞ்சிய பகுதி யாருடையது?” என வினவுவோமாக. பெரும்பாலும் அது நம்முடையதே.