திரும்பும்போது மட்டும் 'டக்... டக்...' காரின் சத்தம் எங்கிருந்து வருகிறது?

ஒட்டன்சத்திரம் பக்கம் தக்காளியும் முருங்கையும் சாகுபடி செய்யும் வாசகர் ஒருவர், தன் பழைய காரைப் பற்றிக் கேட்டிருக்கிறார். தோட்டத்திலிருந்து தார் ரோட்டுக்கு வர ஒன்றரை கிலோமீட்டர் வண்டித்தடம். தடம் முடிந்து, ரோட்டில் ஏறி வலது பக்கம் திருப்பும்போது முன்சக்கரத்தில் 'டக்... டக்... டக்' என்று சத்தம் வருகிறதாம். நேராக ஓட்டினால் சத்தமே இல்லை. ஒரு ஒர்க்‌ஷாப்பில், 'ஆக்சில் போய்விட்டது, இரண்டு பக்கமும் முழுதாக மாற்ற வேண்டும்' என்றிருக்கிறார்கள். இன்னொரு இடத்தில், 'இதெல்லாம் ஒன்றுமில்லை, ஓட்டுங்கள்' என்று அனுப்பிவிட்டார்கள். விடியற்காலை இருட்டில் மார்க்கெட்டுக்குப் போகிற வண்டி. யார் சொல்வதை நம்புவது என்பது அவருடைய கேள்வி.

இரண்டையும் அப்படியே நம்ப வேண்டாம். எந்தச் சத்தம், எப்போது வருகிறது என்று பார்த்தால், செலவு சில நூறு ரூபாயா, பல ஆயிரமா என்பதை ஒர்க்‌ஷாப்புக்குப் போகும் முன்பே ஓரளவு கணித்துவிடலாம். வண்டியை உடனே நிறுத்த வேண்டுமா என்பதும் தெரிந்துவிடும்.

'திரும்பும்போது மட்டும்' என்பதே நல்ல துப்புதான். வண்டி வளையும்போது ஸ்டீயரிங் மூட்டுகள் அசைகின்றன. பாரம் வெளிப்பக்கச் சக்கரத்துக்குச் சாய்கிறது. முன்சக்கரத்தால் இழுக்கும் கார்களில் ஆக்சில் மூட்டு வளைந்தபடியே சுழல்கிறது. இடது, வலது சக்கரங்கள் வேறு வேறு வேகத்தில் ஓடுகின்றன. சத்தம் பெரும்பாலும் இந்த நான்கில் ஒன்றிலிருந்துதான் வரும். இன்ஜினையும் சைலன்சரையும் முதலில் சந்தேகப்பட வேண்டியதில்லை.

முதலில் நட்டைப் பாருங்கள்

ஓட்டிப் பார்ப்பதற்கு முன் வீல் ஸ்பேனரை எடுத்து, நான்கு சக்கரத்திலும் நட்டு இறுக்கமாக இருக்கிறதா என்று பாருங்கள். அண்மையில் பஞ்சர் ஒட்டியிருந்தால் இது கட்டாயம். நட்டு தளர்ந்த சக்கரம் வளைவில் 'கடக் கடக்' என்று அடிக்கும். அதை மூட்டுத் தேய்மானம் என்று நினைத்து ஓட்டிக்கொண்டிருந்தால் சக்கரமே கழன்று ஓடிவிடும். சக்கரத்தைக் கழற்றி மாட்டிய பிறகு, 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி ஒரு முறை நட்டை இறுக்குவது நல்ல பழக்கம். பஞ்சர் கடையிலேயே எல்லாம் முடிந்தது என்று விட்டுவிடுகிறவர்கள்தான் நம்மில் அதிகம்.

அடுத்து, சக்கரத்தின் உள்பக்கத்தை டார்ச் அடித்துப் பாருங்கள். தோட்டத்துக்குப் போய்வரும் வண்டியில் சணல் கயிறு, கட்டுக்கம்பி, கிழிந்த சொட்டுநீர்க் குழாய் என எது வேண்டுமானாலும் ஆக்சிலில் சுற்றியிருக்கலாம். பிரேக் டிஸ்க்குக்கும் அதன் பின்னால் உள்ள தகட்டுக்கும் நடுவே சின்னச் சரளைக்கல் சிக்கினால் 'நறநற' என்று உயிர் போகிற மாதிரி சத்தம் வரும். கல்லை எடுத்துவிட்டால் வேலை முடிந்தது. ஸ்டீயரிங்கை முழுதாக ஒடிக்கும்போது மட்டும் 'சர்... சர்...' என்று உரசினால், டயர் உள்பக்க பிளாஸ்டிக் மறைப்பில் படுகிறதா என்று பாருங்கள். காய்ந்த சேறு கட்டியிருந்தாலும், கம்பெனி அளவைவிடப் பெரிய டயர் போட்டிருந்தாலும் இப்படி உரசும்.

களத்தில் ஒரு வட்டம்

இதெல்லாம் இல்லை என்றால், சத்தத்தைப் பிடிக்க ஏற்ற இடம் நெற்களம்தான். ஆள் நடமாட்டம் இல்லாத நேரத்தில், வண்டியில் இருக்கும் கூடை, ஸ்பிரேயர், ஜாக்கி எல்லாவற்றையும் இறக்கிவிடுங்கள். பின்னால் உருளும் ஸ்பேனரின் சத்தத்துக்காக ஒர்க்‌ஷாப் போனவர்களும் உண்டு. கண்ணாடிகளை இறக்கி, பாட்டை நிறுத்திவிட்டு, ஸ்டீயரிங்கை முழுதாக ஒடித்து, நடக்கிற வேகத்தில் வலமாக ஒரு வட்டம், இடமாக ஒரு வட்டம். பிறகு அதே வட்டத்தில் ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் அழுத்திப் பாருங்கள். கடைசியாக ரிவர்ஸிலும் ஒரு முறை. பக்கத்தில் சுற்றுச்சுவர் இருந்தால், அதை ஒட்டி ஓட்டும்போது சத்தம் சுவரில் பட்டுத் திரும்பித் தெளிவாகக் கேட்கும். சத்தம் சக்கரத்தின் சுற்றோடு சேர்ந்து வேகமாகிறதா, ஒரே ஒரு முறை அடித்துவிட்டு நிற்கிறதா என்பதை மனத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

'டக் டக் டக்' என்றால்...

சக்கரம் சுற்றச் சுற்றத் தாளம்போல வருகிற 'டக் டக்', ஆக்சிலரேட்டரை அழுத்தினால் கூடி, நேராக்கினால் நின்றுவிட்டால், முன்சக்கரம் இழுக்கும் கார்களில் அது பெரும்பாலும் வெளிப்பக்க சி.வி. ஜாயின்ட். ஆக்சில் தண்டின் நுனியில், சக்கரத்துக்குள் போகும் மூட்டு இது. உள்ளே பெரும்பாலும் 6 எஃகு குண்டுகள் தடங்களில் ஓடும். சக்கரம் எந்தப் பக்கம் ஒடிந்திருந்தாலும் சீராகச் சுழல்வது இதனால்தான். குண்டு ஓடும் தடத்தில் குழி விழுந்துவிட்டால், ஒடித்துத் திருப்பும்போது குண்டுகள் அந்தக் குழியில் விழுந்து எழும். அந்தச் சத்தம்தான் வெளியே கேட்கிறது.

குழி விழக் காரணம் பெரும்பாலும் ஜாயின்ட் அல்ல; அதைப் போர்த்தியிருக்கும் ரப்பர் உறை. மெக்கானிக்குகள் 'ஆக்சில் பூட்' என்பார்கள். கொல்லன் துருத்திபோல மடிப்பு மடிப்பாக இருக்கும். வயதானால் மடிப்பில் வெடிக்கும். வண்டித்தடத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் கருவேல முள்ளோ, அறுத்த மக்காச்சோளத் தட்டையின் கூர்முனையோ கிழித்தும்விடலாம். கிழிசல் வழியே உள்ளிருக்கும் கறுப்பு கிரீஸ் வெளியே தெறிக்கும். அதே வழியில் மண்ணும் தண்ணீரும் உள்ளே போகும். அப்புறம் மண்தான் அங்கே கிரீஸ்.

உறை கிழிந்து சத்தம் இன்னும் வராத நிலையில் கண்டுபிடித்தால், ஜாயின்ட்டைக் கழுவி, சோதித்து, புது உறையும் புது கிரீஸும் போடுவதோடு பெரும்பாலும் முடிந்துவிடும். இதற்கு மாலிப்டினம் டைசல்ஃபைடு கலந்த கறுப்பு கிரீஸ்தான் போட வேண்டும். வீட்டில் டிராக்டருக்கு வைத்திருக்கும் சாதாரண கிரீஸை அடைத்துவிடச் சொல்லாதீர்கள். சத்தம் வர ஆரம்பித்த பிறகு உறையை மட்டும் மாற்றுவது வீண். தேய்ந்த தடம் திரும்ப வளராது.

வலது பக்கம் திருப்பும்போது சத்தம் வந்தால் இடது ஜாயின்ட், இடது பக்கம் திருப்பினால் வலது ஜாயின்ட் என்று ஒரு கணக்கு சொல்வார்கள். பாரம் வெளிப்பக்கம் சாய்வதால் பல சமயம் அது சரியாக இருக்கும். ஆனால், திரும்பும்போது உள்பக்கச் சக்கரம்தான் அதிகமாக ஒடிகிறது. அதனால், கணக்கை மட்டும் நம்பிப் பாகம் வாங்கக் கூடாது. இரண்டு பக்க உறையையும் கண்ணால் பார்த்த பிறகே முடிவு செய்ய வேண்டும்.

'உம்ம்ம்' என்று முரலும் சத்தம்

40, 50 கிலோமீட்டர் வேகத்தில் வண்டு முரல்வதுபோல ஒரு சத்தம். நீண்ட இடது வளைவில் அது கூடி, வலது வளைவில் குறைகிறதா? வலது பக்க வீல் பேரிங்கைச் சந்தேகப்படலாம். இடது வளைவில் பாரம் வலது பக்கம்தான் ஏறும். வாய்க்கால் தண்ணீரில் இறக்கி ஓட்டுவதும், சக்கர நடுவில் வாட்டர் சர்வீஸ் பீச்சி அடிப்பதும் பேரிங்குக்கு ஆகாது. ஒழுங்கில்லாமல் தேய்ந்த டயரும் ஏறக்குறைய இதே குரலில் பேசும். பேரிங்குக்குப் பணம் செலவழிக்கும் முன், முன்டயரைப் பின்னாலும் பின்டயரை முன்னாலும் மாற்றிப் போட்டு ஓட்டிப் பாருங்கள். சத்தமும் இடம் மாறினால் குற்றவாளி டயர்தான்.

வண்டியை நிறுத்த வேண்டிய சத்தம்

ஸ்டீயரிங்கை ஒடிக்கும்போதும், வளைவில் குழியில் இறங்கும்போதும் 'கடக்' என்று கனமாக ஒரு அடி. ஸ்டீயரிங்கிலும் ஒரு ஆட்டம். இங்கேதான் கவனம் வேண்டும். காரணம் பால் ஜாயின்ட்டாகவோ டை ராட் எண்டாகவோ இருக்கலாம். சி.வி. ஜாயின்ட் உடைந்தால் வண்டி நகராது. நடுவழியில் நிற்பீர்கள், அவ்வளவுதான். பால் ஜாயின்ட் கழன்றால் சக்கரம் மடங்கிப் படுத்துவிடும். டை ராட் கழன்றால் அந்தச் சக்கரம் ஸ்டீயரிங் சொன்னபடி கேட்காது.

சோதிப்பது எளிது. சமதரையில் ஹேண்ட் பிரேக் போட்டு, கியரில் விட்டு, மற்ற சக்கரங்களுக்குக் கல் அடை கொடுத்து, முன்சக்கரத்தை ஜாக்கியில் தூக்குங்கள். எக்காரணத்தைக் கொண்டும் வண்டிக்கு அடியில் போகக் கூடாது. டயரின் மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் லொடலொட என்று ஆட்டம் தெரிகிறதா? பேரிங்காகவோ பால் ஜாயின்ட்டாகவோ இருக்கலாம். ஒருவரை பிரேக் மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் நின்றால் பேரிங். நிற்காவிட்டால் பால் ஜாயின்ட். டயரின் இரு பக்கவாட்டிலும் பிடித்து ஆட்டும்போது மட்டும் ஆடினால் டை ராட் எண்டு. இந்த இரண்டில் எது என்றாலும், மாற்றும்வரை அந்த வண்டியில் சந்தைக்கும் போக வேண்டாம், பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகளையும் ஏற்ற வேண்டாம். டை ராட் எண்டு மாற்றினால் வீல் அலைன்மென்ட் பார்த்தே ஆக வேண்டும். பார்க்காவிட்டால் புது டயர் சில ஆயிரம் கிலோமீட்டரிலேயே ஒரு பக்கம் தேய்ந்துவிடும்.

வண்டி நின்றபடி ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது 'டொய்ங்' என்று ஸ்பிரிங் துள்ளுகிற சத்தம் வந்தால், அது மேலே உள்ள ஸ்ட்ரட் மவுன்டிங். நாளைக்கே விழுந்துவிடாது. ஆனால், மாதக்கணக்கில் தள்ளிப்போடவும் கூடாது.

பவர் ஸ்டீயரிங்கில் முழுதாக ஒடிக்கும்போது 'உய்ய்ய்' என்று அழுதால் ஆயில் அளவைப் பாருங்கள். 'கீச்' என்றால் பெல்ட். கையேட்டில் சொன்ன ஆயிலை மட்டும் ஊற்ற வேண்டும். அவசரத்துக்கு பிரேக் ஆயிலை ஊற்றினால் சீல்கள் கெட்டுவிடும். இப்போது வரும் சிறிய கார்கள் பலவற்றில் மின்சார பவர் ஸ்டீயரிங்தான். அவற்றில் ஆயிலே கிடையாது, தேடாதீர்கள்.

சரக்கு வண்டி, டிராக்டர்

பின்சக்கரம் தள்ளுகிற பிக்கப், மினி லாரிகளில் முன்பக்கம் சி.வி. ஜாயின்ட் இருக்காது. 'டக் டக்' என்றதும் ஆக்சில் பூட் தேட வேண்டாம். முன்பக்கம் கட்டை ஆக்சில் உள்ள வண்டியென்றால் கிங் பின்னையும் பட்டை ஸ்பிரிங் புஷ்களையும் பாருங்கள். திரும்பும்போது மட்டும் பின்னால் நடு ஆக்சிலிலிருந்து உறுமல் வந்தால் டிஃபரன்ஷியல். முதலில் அதில் ஆயில் அளவைச் சரிபாருங்கள்.

டிராக்டரில் வேறு கதை. சேற்றில் போட்ட டிஃபரன்ஷியல் லாக் விடுபடாமல் ரோட்டுக்கு வந்தால், திருப்பத்தில் டயர் இழுபடும், பின்னால் கடகடவென்று முறியும், வண்டியும் நேராகவே போகப் பார்க்கும். நான்கு சக்கர இழுவையைத் துண்டிக்காமல் தார் ரோட்டில் திருப்பினாலும் இப்படித்தான் முக்கும். இது ஜீப், பிக்கப்புக்கும் பொருந்தும். இதில் பழுது எதுவும் இல்லை. ஆனால், அப்படியே ஓட்டினால் பழுது வந்துவிடும்.

வாசகர் செய்ய வேண்டியது

ஒட்டன்சத்திரம் வாசகர் சொல்லும் அடையாளங்கள் சி.வி. ஜாயின்ட்டோடு பொருந்துகின்றன. ஸ்டீயரிங்கை முழுதாக ஒடித்து நிறுத்தி, டார்ச் அடித்து இரண்டு பக்க உறையின் மடிப்புகளையும் பாருங்கள். வீல் ரிம்மின் உள்பக்கம் கறுப்பு கிரீஸ் தெறித்திருந்தால் அந்தப் பக்கம்தான் கிழிந்திருக்கிறது. 'ஒன்றுமில்லை' என்பது சரியல்ல. சத்தம் வந்துவிட்டதால் தேய்மானம் தொடங்கிவிட்டது, அது கூடிக்கொண்டேதான் போகும். 'இரண்டு பக்கமும் முழு ஆக்சில்' என்பதும் தேவைப்படாமல் போகலாம். பல கார்களில் வெளிப்பக்க ஜாயின்ட்டை மட்டும் தனியாக மாற்ற முடியும். மறுபக்கத்தில் உறை கிழியாமல், சத்தமும் இல்லாமல் இருந்தால் அதைத் தொட வேண்டியதில்லை. தேய்ந்த பக்கத்து வெளி ஜாயின்ட், உறை, கிரீஸ் மூன்றுக்கும் தனியாக விலை கேளுங்கள். முழு ஆக்சிலுக்கும் கேட்டு ஒப்பிட்டுப் பாருங்கள். கழற்றிய பழைய ஜாயின்ட்டைக் கேட்டு வாங்கித் துடைத்துப் பார்த்தால், குண்டுகள் ஓடும் தடத்தில் விழுந்த குழி கண்ணுக்கே தெரியும்.