தோல் சொல்லும் கதை – 9: பூனைக்காலியின் சாட்சியம்

சென்ற வாரம் சொறிப்பூச்சியைப் பற்றியும் விரலிடுக்கில் அது குடையும் வளையைப் பற்றியும் சொன்னேன். படித்தவர்களுக்கு நினைவிருக்கும், மற்றவர்கள் பழைய இதழைத் தேடிக்கொள்வார்களாக. பூச்சியும் இல்லாமல், படையும் இல்லாமல், தடிப்போ கொப்புளமோ கண்ணுக்குத் தென்படாமல், விளக்கணைத்துப் படுத்த பின் உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் கிளம்பித் தூக்கத்தைக் கெடுக்கும் அரிப்பை எவ்வாறு சமாளிப்பது என்பதுதான் இந்த வாரத்துக்கு நான் கொடுத்திருந்த வாக்கு. எழுத உட்கார்ந்ததும் அதற்காகத்தான்; இடையில் பூனைக்காலி வந்து குறுக்கிட்டுவிட்டது.

வேலியோரங்களிலும் புதர்க்காடுகளிலும் படரும் அந்தக் கொடியைக் கிராமத்தில் வளர்ந்தவர்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. அதன் காயைப் போர்த்தியிருக்கும் பழுப்புநிறச் சுணை காற்றில் பறந்து மேலே பட்டாலே போதும், எப்பேர்ப்பட்ட கம்பீரமான மனிதரும் சபை மரியாதையை மறந்து சொறியத் தலைப்படுவார். வாத்தியாரின் நாற்காலியில் அதைத் தூவிவிட்டுப் பரம சாதுக்களைப் போலக் கைகட்டி உட்கார்ந்திருந்த மாணவ சிரோமணிகள் பலர் இன்று பேரன் பேத்தி எடுத்து இத்தொடரை வாசித்துக்கொண்டிருப்பார்கள் என்று நம்புகிறேன். அதே சுணையைத் தேன்பாகில் குழைத்து, வயிற்றுப் பூச்சிக்கு மருந்தென்று ஐரோப்பிய வைத்தியர்கள் ஒரு காலத்தில் உள்ளுக்கே கொடுத்து வந்தார்கள் என்றால், அந்நாளைய நோயாளிகளின் குருபக்தியை என்னவென்று சொல்வது!

அமெரிக்காவில் ஷெல்லி, ஆர்தர் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் 1955ஆம் ஆண்டில் இந்தச் சுணையிலிருந்து அரிப்பூட்டும் வஸ்துவைப் பிரித்தெடுத்து, அது புரதத்தைச் சிதைக்கும் ஒரு நொதி என்று காட்டி, அதற்கு மியூக்குனெய்ன் என்று பெயர் வைத்தார்கள். நொதியாதலால் சூடுபடுத்தினால் அது செயலற்றுப்போகிறது; நன்றாக வெப்பமேற்றிய சுணை தோலில் குத்தினாலும் அரிப்பதில்லை. ஆனால் என்னை இந்த வாரம் முழுவதும் பிடித்தாட்டிய விஷயம் இதுவன்று. கொசு கடித்தால் உடம்பில் சுரக்கும் ஹிஸ்டமின் என்னும் பொருள் அரிப்போடு தடிப்பையும் சிவப்பையும் சேர்த்தே கொண்டுவருகிறது. பூனைக்காலிச் சுணையோ, அத்தகைய தடிப்பையும் சிவப்பையும் பெரும்பாலும் எழுப்பாமலே, ஹிஸ்டமினுக்குச் சற்றும் குறையாத அரிப்பை உண்டாக்கிவிடுகிறது. 2007, 2008ஆம் ஆண்டுகளில் வெளிவந்த ஆராய்ச்சிகள் இன்னும் ஒரு படி மேலே போய், ஹிஸ்டமினின் செய்தியைச் சுமக்கும் நரம்பிழைகள் வேறு, சுணையின் செய்தியைச் சுமக்கும் நரம்பிழைகள் வேறு என்றும், முன்னதை அடக்கும் மருந்து பின்னதை அடக்குவதில்லை என்றும் நிலைநாட்டின.

இதன் தாத்பரியத்தைச் சற்று யோசித்துப் பாருங்கள். அரிக்கிறது என்று போனவரின் கையையும் காலையும் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, ஒன்றும் இல்லையே என்று ஒரு செடிரிசின் மாத்திரையை எழுதிக்கொடுத்து, அதற்கும் அடங்கவில்லை என்று மறுபடி வந்து நின்றால், எல்லாம் மனப்பிராந்தி என்று அனுப்பிவைக்கும் வழக்கம் இருக்கிறதே, அதற்கு எதிராக வேலியோரத்துக் கொடி ஒன்று சாட்சி சொல்கிறது. தோலில் அடையாளம் இல்லை என்பதும், ஹிஸ்டமினை அடக்கும் அந்த மாத்திரைக்குக் கேட்கவில்லை என்பதும், அரிப்பு பொய் என்பதற்கு ருசுவாகா. அது வேறு வழியாக வருகிறது என்பதற்கே அவை குறிப்பு.

பூனைக்காலியை விட்டுப் போகுமுன் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஆசிரியர் கத்தரிக்கோலை எடுக்காமல் இருக்க வேண்டும். அரிப்பூட்டும் அந்தக் காய்க்குள்ளேயே இருக்கும் விதையிலிருந்து எல்-டோபா என்னும் பொருளைப் பிரித்தெடுத்து 1937ஆம் ஆண்டில் வெளியிட்டவர்கள், நம் சென்னைப் பல்கலைக்கழகத்தின் உயிர்வேதியியல் சோதனைச்சாலையைச் சேர்ந்த தாமோதரன், ராமசாமி என்ற இருவர். மேல்நாட்டார் அதே பொருளைப் பார்க்கின்சன் நோய்க்கு, அதாவது நம்மவர் நடுக்குவாதம் என்று சொல்வதற்கு, மருந்தாகக் கொடுக்கத் தொடங்கியது 1960களில். வெளியே சுணை மனிதனைத் துள்ளவைக்கிறது, உள்ளே விதை விறைத்துப்போனவனை நடக்கவைக்கிறது.

சரி, வேறு வழி என்றேனே, அது எங்கிருந்து தொடங்குகிறது? பல இடங்களிலிருந்து. சிறுநீரகம் தளர்ந்தால் அரிக்கும். தைராய்டு கோளாற்றிலும், இரும்புச்சத்துக் குறைவிலும் அரிக்கும். ஆனால் அடையாளம் காட்டாமல் உள்ளங்கையையும் உள்ளங்காலையும் குறிவைத்து, இரவில் அதிகப்படும் அரிப்பு என்றால், முதலில் சந்தேகிக்க வேண்டிய இடம் கல்லீரல். பித்தம் குடலுக்குப் போகும் வழியில் தடை ஏற்படும்போது இப்படி அரிப்பதுண்டு. கண்ணில் மஞ்சள் தெரிவதற்கு வெகு முன்பே அரிப்பு வந்துவிடவும் கூடும். கர்ப்பிணிகளுக்கு, முக்கியமாகக் கடைசி மூன்று மாதங்களில், இப்படி ஒரு பித்தத்தேக்கம் வருவதுண்டு. இங்கிலாந்தில் மொத்தத்தில் 100 கர்ப்பங்களுக்கு 0.7 என்ற அளவில் காணப்படும் இது, அங்கே வாழும் இந்திய, பாகிஸ்தானிய வம்சாவளிப் பெண்களிடையே 1.2 முதல் 1.5 வரை காணப்படுகிறது. தாய்க்குத் தொல்லை அரிப்போடு பெரும்பாலும் நின்று, பிரசவத்துக்குப் பின் அடங்கிவிடும். இரத்தத்தில் பித்த அமிலம் லிட்டருக்கு 100 மைக்ரோமோலை எட்டிவிட்டாலோ, வயிற்றிலுள்ள சிசுவின் உயிருக்கே அபாயம் கூடுகிறது. உள்ளங்கை அரித்தால் பணம் வரும் என்று சொல்லிச் சிரித்துவிட்டுப் போகும் வீடுகளில் இதைத்தான் எடுத்துச் சொல்ல வேண்டும்.

சமாளிக்கும் உபாயங்களுக்கு வருவதற்குள் பக்கம் தீர்ந்துகொண்டிருக்கிறது. இப்போதைக்கு இவ்வளவு: கொதிக்கும் வெந்நீரில் காலை அமிழ்த்துவது அந்த நேரத்துக்குப் பரம சுகம், ஆனால் அது தோலை வறளவைத்து அரிப்பை வளர்க்கும், ஆகவே கூடாது. குளிர்ந்த நீரில் நனைத்துப் பிழிந்த துணியை அரிக்கும் இடத்தில் சுற்றிக்கொள்ளலாம். குளித்துத் துடைத்த ஈரம் முழுதும் காயுமுன் தேங்காயெண்ணெயோ வாசனையற்ற களிம்போ தடவலாம். நகத்தை ஒட்ட வெட்டி, இரவில் பருத்திக் கையுறையும் காலுறையும் போட்டுக்கொண்டால் தூக்கத்தில் தோலைக் கிழித்துக்கொள்வது குறையும். சிமெண்டு, சலவைத்தூள், ரப்பர் கையுறை ஆகியவற்றோடு புழங்குகிறவர்கள் வேலையில்லாத நாட்களில் அரிப்பு தணிகிறதா என்று கவனித்து வைத்துக்கொள்ளட்டும்.

சொறிந்தால் ஏன் சுகமாக இருக்கிறது, சொறியச் சொறிய ஏன் கூடுகிறது, கண்ணாடியின் முன் அமர்ந்து அரிக்காத கையைச் சொறிந்து அரிக்கும் கையின் நமைச்சலைத் தணித்த ஜெர்மானியப் பரிசோதனை என்ன சொல்கிறது என்பவற்றையெல்லாம் அடுத்த வாரம், பூனைக்காலியைப் போல் வேறெதுவும் குறுக்கிடாமல் இருந்தால், எழுதுகிறேன். கர்ப்பமாக இருப்பவர்கள் மட்டும் அதுவரை காத்திருக்க வேண்டாம். உள்ளங்கையும் உள்ளங்காலும் அரிக்கிறதென்றால் இன்றே உங்கள் மகப்பேறு மருத்துவரிடம் சொல்லி, பித்த அமிலத்துக்கும் கல்லீரலுக்கும் இரத்தப் பரிசோதனை செய்யும்படி கேளுங்கள். முதல் பரிசோதனையில் ஒன்றும் தெரியாமல் அரிப்பு மட்டும் தொடருமானால், மறுபடியும் செய்யச் சொல்லுங்கள்.